திருவிழா முடிந்தது, கணக்கு முடியவில்லை

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்னப் பங்கு எங்களுடையது. பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோவிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும். எலத்தகிரி, கந்திகுப்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரைச் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்பார்கள். மொத்தம் 140 குடும்பம். பாதிப் பேருக்கு மாந்தோப்பு, மீதிப் பேருக்கு ஓசூர் கம்பெனி வேலை, கொஞ்சம் பேர் பெங்களூரில். நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவள். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் எழுதப் போவதில்லை, எழுதினால் இன்னொரு பஞ்சாயத்துக்குப் போய் நிற்க வேண்டும். 2025 ஜூனில் எங்கள் அந்தோனியார் திருவிழாவுக்கு நான்தான் பொருளாளர். அதில் 23,200 ரூபாய் போனது. ஏழு மாதம் வளையல் அடகில் இருந்தது. ஆறு வாரம் சொந்தக் கோவில் வாசலை மிதிக்கவில்லை. கோவில் வேலை என்று யாராவது உங்களைக் கூப்பிட்டு, நீங்களும் சந்தோஷமாகத் தலையாட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

அதற்கு முன் எட்டு வருடமாக நான் செய்து வந்தது வின்சென்ட் தே பவுல் சபை வேலைதான். 1833-இல் பாரிஸில் ஓசனாம் என்கிற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் ஆரம்பித்த சபை. இன்றைக்கும் முறை அதேதான். வாரம் ஒரு கூட்டம், ஒரு ஜெபம், ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பணத்தில் ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கிறோம். எங்கள் பையில் வாரம் 600, 700 விழும். ஒரு பாட்டிக்குச் சுகர் மாத்திரை, இரண்டு விதவைகளுக்கு அரிசி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அண்ணனுக்கு ஆட்டோ செலவாக மாதம் 1,500. டயாலிசிஸ் இலவசம்தான், ஆனால் போய் வருவது இலவசம் இல்லையே. அந்த நோட்டை நான்தான் எழுதினேன். எட்டு வருடத்தில் ஒரு ரூபாய் உதைத்ததில்லை. அந்தப் பெயர்தான் என்னை மாட்டிவிட்டது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவை கூடியது. பழைய பொருளாளர் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார். கத்தோலிக்கர்களுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு முறை வரும் யூபிலி ஆண்டு வேறு, இந்த வருடம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று பெருசுகளுக்கு ஆசை. ஃபாதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சின்னதுல நம்பிக்கையா இருக்கிறவங்க பெருசுலயும் நம்பிக்கையா இருப்பாங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார், நீங்க எடுத்துக்குங்கம்மா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் பங்கில் அதுவரை ஒரு பெண் திருவிழாப் பணத்தை வைத்திருந்ததில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "கணக்கு எழுதறது வேற, கணக்கு கேக்கறவனுக்குப் பதில் சொல்றது வேற" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாராவது பொறுப்பு கொடுத்தால் கை தட்டு அடங்குவதற்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடப் போகிற மற்ற இரண்டு பேர் யார்? பணம் எந்த வங்கிக் கணக்கில் இருக்கும்? என் பொறுப்பு எந்தத் தேதியோடு முடிகிறது? அன்றைக்குக் கேட்டால் இதெல்லாம் சாதாரணக் கேள்வி. அதையே ஆகஸ்டில் கேட்டால் "இப்ப ஏன் கேக்கறா?" என்பார்கள். நான் ஒன்றையும் கேட்கவில்லை. மஞ்சள் பையில் மூன்று ரசீதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். புத்தகத்தில் எத்தனை தாள் இருக்கிறது என்றுகூட எண்ணவில்லை.

தலைக்கட்டு வரி குடும்பத்துக்கு 2,000 என்று முடிவானது. 140 குடும்பத்துக்கு 2,80,000. நன்கொடை ஒரு ஒன்றரை லட்சம் வரும் என்று பேசிக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையில் பந்தல், சீரியல் லைட், பேண்டு, வாணம், விருந்து எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வீடு வீடாகப் போனபோது பாதிப் பேர் சொன்னது ஒரே பதில்: "மாங்கா வித்ததும் தரேன்." ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் சொல்வார்கள், அப்படித்தான் தருவார்கள். ஆனால் 2025 சீசன் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. பெங்களூரா ரக மாங்காய் விலை அப்படியே படுத்துவிட்டது. கிலோ ஐந்து, ஆறு ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. அவர்களிடம் போய் எந்த வாயால் வரி கேட்பது? திருவிழா அன்றைக்கு வரி கட்டியிருந்தது 91 குடும்பம்.

வாக்குக் கொடுத்த பணத்தை வரவில் எழுதிச் செலவு செய்யாதீர்கள். கைக்கு வந்ததற்கு மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். வாணமும் பேண்டும் இல்லாமலும் அந்தோனியார் தேரில் வருவார். இதை நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் "பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான்" என்றிருப்பார்கள். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஜிபே. பெங்களூரில் இருக்கும் பிள்ளைகள் "அக்கா நம்பர் குடுங்க, போட்டு விடறோம்" என்றார்கள். என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். தையல் கூலி வருகிற அதே நம்பர். பிளவுஸ் கூலி 350, பக்கத்திலேயே திருவிழா நன்கொடை 3,000, அதற்குக் கீழே சுடிதார் 500. இரண்டு மாதத்தில் 84,000 ரூபாய் நன்கொடை என் கணக்கு வழியாக வந்தது. யார் எதற்குப் போட்டார்கள் என்று பலர் குறிப்பு எழுதவில்லை. இடையில் மிஷினுக்கு மோட்டார் மாற்றக் காசும் அதிலிருந்தே போனது. என் கூலிப் பணம்தான், ஆனால் ஸ்டேட்மென்ட்டைப் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? ஒருவர் 80ஜி ரசீது கேட்டார். வருமான வரி விலக்குக்கு ரசீது கொடுப்பது அதற்கென்று பதிவு செய்த அறக்கட்டளைகள்தான், திருவிழாக் குழு கொடுக்க முடியாது. அதுகூட எனக்குத் தெரியாமல் "வாங்கித் தரேங்க" என்று சொல்லிவிட்டு அவரிடம் கெட்ட பெயர் வாங்கினேன். பங்கின் வங்கிக் கணக்குக்கு ஒரு கியூஆர் அட்டை வாங்கிக் கோவில் கதவில் ஒட்டுவது ஒரு நாள் வேலை. சொந்த நம்பரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தோனியார் திருநாள் ஜூன் 13. 1231-இல் அவர் பதுவையில் இறந்த நாள். எங்கள் ஊரில் அதை அடுத்து வரும் ஞாயிறுதான் பெருவிழா. சனிக்கிழமை இரவு தேர்பவனி. தேர் பாதி ஊரைச் சுற்றியபோது மழை பிடித்து, கரண்டும் போனது. ஜெனரேட்டர் மட்டும் இல்லையென்றால் சனம் இருட்டில் மிதிபட்டிருக்கும். இரவு ஒன்றரை மணி இருக்கும், ஜெனரேட்டர்காரர் வந்து நின்றார். விடியற்காலை வேறு ஊர் விசேஷம், இப்போதே முழுப் பணமும் வேண்டும் என்றார். 19,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பில் புத்தகம் கொண்டு வரவில்லை என்று, எங்கள் திருவிழாப் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது ஈரமாக இருந்ததால் கட்டைப் பையில் மேலாக வைத்தேன். பையை விருந்துச் சமையல் நடந்த கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் படுத்தேன். காலையில் வந்து பார்த்தால் பை இருக்கிறது, பத்திரிகை இல்லை. ஈர விறகு பற்றவில்லை என்று சமையல்காரப் பையன் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் அடுப்பில் போட்டிருக்கிறான். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் என்று ஊரே அந்தோனியாரிடம்தான் ஓடும். அவர் திருவிழாவிலேயே, அவர் படம் போட்ட பத்திரிகையிலேயே எழுதிய பில் தொலைந்தது. இப்போது சிரிப்பு வருகிறது.

ஜெனரேட்டர்காரருடைய போன் நம்பர் அதே பத்திரிகையில்தான் இருந்தது. ஏற்பாடு செய்த பந்தல்காரருக்கே அவர் எந்த ஊர் என்று சரியாகத் தெரியவில்லை. பில் இல்லாத ஆளுக்குப் பணம் கொடுத்தால் உங்கள் நோட்டிலேயே தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000-க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் வாங்குங்கள். உடனே போனில் ஒரு படம் எடுத்து இன்னொரு உறுப்பினருக்கு அனுப்பிவிடுங்கள். காகிதத்தை அடுப்பு தின்றாலும் படம் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் பந்தல்காரர், பேண்டு மாஸ்டர், பூக்காரர் மூவரும் நிற்கிறார்கள். வரவு 3,18,500. செலவு 4,07,200. இடைவெளி 88,700. குழுத் தலைவருக்குப் போன் போட்டால் "நீங்க பாத்துக்குங்க, ரெண்டு வாரத்துல வசூல் ஆயிடும்" என்றார். அவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். பெருமை விடவில்லை. டவுனுக்குப் போய் இரண்டு வளையலை அடகு வைத்து 60,000 வாங்கினேன். சீட்டுப் பணம் 14,200 போட்டேன். மிச்சம் 14,500-க்கு என்ன செய்வது என்று நிற்கும்போது, பீரோவில் இருந்த வின்சென்ட் சபை டப்பா கண்ணில் பட்டது.

எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜூலை ஒன்றாம் தேதி டயாலிசிஸ் அண்ணனுக்கு 1,500 கொடுக்க வேண்டும், டப்பாவில் 200 கூட இல்லை. ஒன்பது நாள் கழித்துத்தான் கொடுத்தேன். அந்த ஒன்பது நாளில் அவர் ஒரு தடவை டயாலிசிஸுக்கே போகவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தார். "சபையில பணம் கொஞ்சம் கஷ்டம்னு புரிஞ்சுதும்மா, அதான் கேக்கல" என்றார். வளையல் போனதற்கு நான் அழவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன், காரணம் சொல்லாமல்.

ஒரு காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும். திருச்சபைச் சட்டத்திலேயே 1267-ஆவது எண்ணில் அப்படி எழுதியிருக்கிறது. எனக்குச் சட்டம் தெரியாவிட்டாலும் மனசுக்குத் தெரிந்திருந்தது. கையில் இரண்டு பணம் இருந்தால் இரண்டு பீரோவில், முடிந்தால் இரண்டு வீட்டில் வையுங்கள்.

கணக்கை ஜூலை கடைசி வரை வாசிக்க முடியவில்லை, ஜிபே குழப்பம் தீரவில்லை. அதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒருவர் தான் போட்ட 5,000 நோட்டில் இல்லை என்றார். அது அவர் மருமகன் போனிலிருந்து வந்திருக்கிறது, நான் மருமகன் பெயரில் எழுதியிருக்கிறேன். அது தெரிவதற்குள் பத்து வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஊர்ப் பெரியவர் ஒருவர், என் காதில் விழ வேண்டும் என்றே, பக்கத்து ஆளிடம் கேட்டார்: "பன்னெண்டு சீடருங்கள்ல பணப்பை யார்கிட்ட இருந்துச்சுன்னு தெரியும்ல?" நாலு பேர் சிரித்தார்கள். பணப்பை வைத்திருந்தது யூதாஸ், இயேசுவைக் காட்டிக் கொடுத்தவன்; வேதம் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒரு கால் செருப்போடு நின்றேன். இன்னொன்று கண்ணுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஆறு வாரம் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரி டவுன் கோவிலுக்குப் போனேன். கடைசி பெஞ்ச். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், நானும் யாரையும் பார்க்க வேண்டாம். நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது, காயம் படாமல் இருந்தது. "எனக்கு எதுக்கு இந்த ஊழியம், மிஷினை மிதிச்சோமா சாப்பிட்டோமான்னு இருந்திருக்கலாமே" என்று கடவுளிடமே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் வந்தது எங்கள் அன்பியத்துப் பெரியவர் ஒருவர். அன்பியம் என்றால் பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சாயங்காலம் கையில் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து, "ஸ்டேட்மென்ட்ட எடும்மா" என்றார். மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். தையல் நோட்டை ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு 350-க்கும் எந்த பிளவுஸ் என்று டிக் அடித்தார். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை எண்ணினார். இரண்டாவது ராத்திரி டீ குடிக்கும்போது பவுலடியார் கதையைச் சொன்னார். எருசலேம் ஏழைகளுக்கு வசூலித்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டு போகவில்லை. தன்னோடு ஊழியம் செய்த தீத்துவோடு இன்னும் இரண்டு பேரை அனுப்பினார், இவ்வளவு பெரிய தொகையில் தன்னை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று. 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம். பூசையில் எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, காதில் ஏறியதில்லை. "பவுலுக்கே ஆள் தேவைப்பட்டுச்சு, உனக்கு வேணாமா?" என்றார். வின்சென்ட் சபையில் வீடு சந்திக்கப் போனால் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எட்டு வருடம் அப்படித்தான் போனேன். நான்கு லட்ச ரூபாயை மட்டும் தனியாக வைத்துக்கொண்டேன்.

பெரியவர் ஃபாதரிடமும் பேசினார். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 537-ஆவது எண் சொல்கிறது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1287 சொல்கிறது. எங்கள் பங்கில் நிதிக்குழு காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. ஃபாதர் பூசையின் முடிவில் "தப்பு என்னோடது, ஒரு ஆள் தலையில தூக்கி வெச்சிட்டேன்" என்று சொன்னார். அதைச் சொல்ல ஒரு குருவுக்கு மனசு வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. நானும் வின்சென்ட் டப்பா விஷயத்தைச் சபைக் கூட்டத்தில் சொன்னேன். யாரும் திட்டவில்லை. "இனிமே நோட்டு உங்ககிட்ட, டப்பா என்கிட்ட" என்று ஒரு அக்கா எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு கூடிய நிதிக்குழு என் கணக்கை ஒப்புக்கொண்டது, ஜெனரேட்டர் 19,000 தவிர. பில் இல்லை. வெளிச்சம் எரிந்ததை ஊரே பார்த்ததே என்று கத்தினேன். "பார்த்தோம்மா. எவ்வளவு குடுத்தன்னு பார்க்கலையே" என்றார் என் பக்கம் நின்ற அதே பெரியவர். அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் மாறப் பல வாரம் ஆனது. செப்டம்பரில் கணக்கைக் கோவில் கதவில் ஒட்டினார்கள். பாக்கி வைத்தவர்களின் பெயரைப் போட வேண்டும் என்று குழுத் தலைவர் நின்றார். மாங்காய் விலையில் அடிபட்டவர்களைக் கதவில் தொங்கவிட வேண்டாம் என்று நானும் ஃபாதரும் மறுத்தோம். வரி கட்டியவர்களின் பெயரும் ரசீது எண்ணும் மட்டும் போட்டார்கள். அதன் பிறகு 23 குடும்பம் தாங்களாகவே வந்து கட்டியது, 46,000. முதலில் வின்சென்ட் டப்பாவுக்கு 14,500 திரும்பியது. மீதி எனக்கு. எனக்குச் சேர வேண்டிய இன்னொரு 23,700-ஐ ஜனவரியில் பங்குக் கணக்கிலிருந்து செக்காகக் கொடுத்தார்கள். 4,200 வட்டியோடு வளையலை மீட்டேன். அந்த வட்டியும் ஜெனரேட்டர் பணமும் போனது போனதுதான்.

இந்த வருடம் மூன்று பேர் கையெழுத்து, பங்குக் கணக்கு, கதவில் கியூஆர் அட்டை. உண்டியல் எண்ணும்போது எந்த நோட்டு எத்தனை என்று எழுதி, எண்ணியவர்கள் எல்லோரும் அதன் கீழேயே கையெழுத்து. திருவிழா முடிந்து இரண்டு வாரத்துக்குள் கணக்கு வாசிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தாயிற்று. மூவரில் ஒருத்தியாக இருக்கக் கேட்டார்கள். வெங்காயம் உரிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பரில் ஒட்டிய பட்டியலைச் சனம் முண்டியடித்துப் படித்தது. பணப்பைக் கேள்வி கேட்ட பெரியவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்தார். அவர் பெயர் அதில் இல்லை. பேசாமல் போய்விட்டார். டிசம்பரில், கிறிஸ்துமஸ் குடில் போடுகிற வாரம், இருட்டின பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நான்கு. "காய் போகல தாயி, அதான் லேட்டு" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பழைய ரசீதுப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருந்தது. பெயரை எழுதும்போது கை நடுங்கி எழுத்து கோணலாகப் போய்விட்டது. கிழித்து வேறு எழுதினால் அடிக்கட்டையில் ஒரு எண் உதைக்கும் என்று அப்படியே கொடுத்தேன். ரசீதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.